தலை மேலே, வால் கீழே

போவன்,
28 டிசம்பர் 1994

டாரிலுக்கு,

நீயும் லோரெல்லும் பத்திரமாக டூவூம்பா போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நான் நலம். மேயர் நலமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்று இரண்டு முறை ஃபோன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிறகு நீ வேறு மாதிரி சொல்லக்கூடாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் ஐஸ் தீர்ந்துவிட்டது. இந்த வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடாகாமல் இருக்க ஐஸ் பாட்டில்களை மிதக்க விடுகிறேன், உனக்குத் தெரியும். வாங்கி வரப் போனேன். திரும்பியபோது எல்லோரும் வராந்தாவில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தொட்டியின் மூடி தரையில் கிடந்தது. உன் மனைவியின் மகள் டீகன் ஸ்டூல் மேல் ஏறி, இரண்டு கைகளையும் தோள்வரை உப்புத் தண்ணீரில் விட்டு, என் பேத்தை மீன் மேயரை பாட்டிலைப் பிடிப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அவன் வயிறு கால்பந்து அளவுக்கு உப்பியிருந்தது.

"ஏய், என்ன பண்ற நீ?"

"நான் இல்ல பெரியப்பா, இவன் வயித்துல..."

"கைய எடு முதல்ல! பதிமூணு வயசாச்சு, ஒரு உயிர வெச்சு வெளையாடுறியே, வெக்கமா இல்ல?"

என் சத்தம் கேட்டு எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். லோரெல், பக்கத்து வீட்டு பெவ், எதிர்வீட்டு மெர்வ், அவன் மச்சான். நீ சமையலறை வாசலில் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. டீகன் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் கிளம்பிப் போய்விட்டீர்கள்.

பேத்தை பயந்தால் தண்ணீரை விழுங்கி உப்பும். பயம் தீர்ந்ததும் துப்பிவிடும். வெளியே தூக்கினால் தண்ணீருக்குப் பதில் காற்றை விழுங்கும். காற்றைத் துப்ப அதற்கு வராது. வயிறு மேலாக, முகம் கீழாக மிதந்து, சாப்பிட முடியாமல் சாகும். நீங்கள் போன பிறகு நானே ஸ்டூலில் ஏறி, அவனைத் தண்ணீருக்குள் தலை மேலே வால் கீழே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, காற்று வாய் வழியாக வரட்டும் என்று மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்சம் வந்தது. எல்லாம் வரவில்லை.

படகுத் துறையில் கட்டைவிரல் அளவில் என் வீச்சு வலையில் வந்தவன். ஒன்பது வருடமாக வளர்க்கிறேன்.

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். எழுதும்வரை அவளை என் வீட்டுப் பக்கம் அழைத்து வராதே.

லோரெல்லைக் கேட்டதாகச் சொல்.

க்ளைவ்

*

டூவூம்பா,
7 ஜனவரி 1995

அன்புள்ள க்ளைவ்,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். மலை மேல் இருப்பதால் உங்கள் ஊர்ப் புழுக்கம் இல்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வலது ஆள்காட்டி விரல் கார் கதவில் மாட்டித் தையல் போட்டிருக்கிறார்கள். இடது கையால் கிறுக்குகிறேன்.

மீனுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் க்ளைவ், இரண்டு பக்கம் எழுதுகிற அளவுக்கு என்ன இருக்கிறது? அது ஒரு மீன்தான். கெய்ர்ன்ஸ் கடைகளில் இதே ரகம் கிடைக்கிறதாம். அடுத்த முறை வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன்.

டீகனைக் கண்டித்துவிட்டேன். நீச்சல் முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்தாள், அதை நிறுத்தியாயிற்று. மன்னிப்பு எழுது என்றால் முறைக்கிறாள். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் லோரெல்லும் சொல்லிப் பார்த்தாள்.

"நாலு வரி எழுதிப் போட்டா முடிஞ்சிரும்ல."

"செய்யாததுக்கு எதுக்கு எழுதணும்?"

"க்ளைவ் தன் கண்ணால பாத்திருக்காரு டீகன்."

தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். தினமும் இதே கதை. பள்ளி திறக்கும்போது அவளை அவளுடைய சொந்த அப்பாவிடம், மவுண்ட் ஐசாவுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறோம். லோரெல் இன்னும் முடிவெடுக்கவில்லை. உன் பேச்சுக்கு அவளிடம் மதிப்பு உண்டு. நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

முட்டிக்கு அந்தப் பச்சை மருந்தையே தடவு.

டாரில்

*

போவன்,
13 ஜனவரி 1995

டாரிலுக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. உன் விரல் சீக்கிரம் ஆறட்டும்.

ஒரு மீன்தான் என்று எழுதியிருக்கிறாய். கடையில் இருக்கிற மீனுக்கு என்னைத் தெரியாது. மேயருக்குத் தெரியும். காலையில் நான் உள்ளே வந்தால் ஒரு கண் என்மேல், இன்னொரு கண் நண்டுக் கிண்ணத்தின்மேல். தாமதமானால் என் சட்டையில் தண்ணீரைத் துப்புவான். அந்தப் பெரிய வயிற்றைத் தள்ளிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வருவதைப் பார்த்துத்தான் மெர்வ் அவனுக்கு மேயர் என்று பெயர் வைத்தான். இப்போது மூலையில் தலைகுப்புறத் தொங்குகிறான். இறாலை வாயருகே கொண்டுபோனாலும் திரும்பிக்கொள்கிறான். மேல் அலகில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. உன் வீட்டுப் பெண் கண்ணாடியில் மோத விட்டிருப்பாள்.

இவனுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். நண்டும் சிப்பியும் ஓட்டோடு கடித்தால்தான் தேயும். கடிக்காவிட்டால் வாய் அடைத்துப் பட்டினியால் போவான். காற்று கொல்லாவிட்டால் பல் கொல்லும். இதையும் அவளுக்குப் படித்துக் காட்டு.

நீ கேட்ட விஷயம் உன் வீட்டு விஷயம். என்னைக் கேட்டால், செய்துவிட்டு இல்லை என்று சாதிக்கிற பிள்ளையை எங்கே வேண்டுமானாலும் அனுப்பு. மவுண்ட் ஐசா நல்ல இடம். அங்கே கடல் கிடையாது, கெடுப்பதற்கு மீனும் கிடையாது.

மன்னிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை.

க்ளைவ்

*

டூவூம்பா,
24 ஜனவரி 1995

க்ளைவ் பெரியப்பாவுக்கு,

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். விசாரித்துவிட்டேன்.

இது மன்னிப்புக் கடிதம் இல்லை. எழுதி முடிக்கும்வரை அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று டாரில் சொன்னதால் எழுதுகிறேன். ஒட்டித்தான் கொடுப்பேன், அவர் படிக்க முடியாது.

மேயருக்கு அடிபட்டதில் எனக்கு வருத்தம். வேறு எதிலும் வருத்தமில்லை. சில கேள்விகள் இருக்கின்றன. காற்று முழுவதும் வந்துவிட்டதா? சாப்பிடுகிறானா? அவனைப் பிடிக்கும்போது தலை மேலே இருக்கும்படி பிடித்தீர்களா, வால் மேலே இருக்கும்படியா? தலைதான் மேலே இருக்க வேண்டும். எங்கள் பள்ளி நூலகத்தில் கடல் மீன் வளர்ப்பு பற்றி இருக்கும் ஒரே புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றதும் அதை எடுத்துப் படித்தேன்.

நான் அவனை எப்படிப் பிடித்திருந்தேன் என்று நீங்கள்தான் பார்த்தீர்கள். உங்களுக்குத்தான் மீன் தெரியும். யோசியுங்கள். யார் செய்தது என்று உங்களிடம் சொல்லமாட்டேன். இந்த வீட்டில் சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

நீங்கள் எழுதியதை டாரில் இரவுச் சாப்பாட்டின்போது சத்தமாகப் படித்தார். மவுண்ட் ஐசா நல்ல இடம் என்ற வரியை இரண்டு முறை படித்தார். அதன்பிறகு அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை எனக்குப் பஸ்.

டீகன்

*

மவுண்ட் ஐசா,
12 பிப்ரவரி 1995

க்ளைவ் பெரியப்பாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. நலமாக இருப்பீர்கள்.

இங்கே வந்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரி, கடல் இல்லை. அப்பா சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. நான் பள்ளியிலிருந்து வரும்போது தூங்குவார், நான் தூங்கும்போது கிளம்புவார். கெட்டவர் இல்லை. என்னோடு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வந்த அன்று, "பெருசாயிட்டியே" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னார். பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் எனக்குக் கட்டில் போட்டிருக்கிறது. துணியெல்லாம் சிவப்பு மண்.

வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "எதுக்கு இங்க வந்த?" மீனால் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது என் பெயரே மீன்.

அம்மா ஞாயிறுதோறும் ஃபோன் செய்கிறாள். பின்னால் டிவி ஓடுகிறது. டாரில் சிரிப்பது கேட்கிறது.

மேயர் இருக்கிறானா இல்லையா என்று மட்டுமாவது ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். உங்கள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அதற்கும் கோபம் வருகிறது.

டீகன்

*

போவன்,
19 பிப்ரவரி 1995

டாரில்,

நலம் விசாரிப்பு இந்த முறை கிடையாது. உன் விரலைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணின் முதல் கடிதம் வந்தபோது திமிர் என்று நினைத்து டீ டின்னுக்கு அடியில் போட்டுவிட்டேன். இரண்டாவது வந்ததும் முதலாவதை எடுத்துப் படித்தேன். மூன்று முறை படித்த பிறகுதான் மண்டையில் ஏறியது. ஸ்டூலைத் தொட்டியின் முன்னால் போட்டு ஏறினேன். கைகளைத் தண்ணீரில் விட்டு மேயரை நிமிர்த்தினேன். கண்ணாடியில் என் உருவம் தெரிந்தது. தோள்வரை நனைந்த கை, நிமிர்ந்த மீன். அன்றைக்கு வாசலில் நின்று நான் பார்த்தது இதைத்தான். நீங்கள் போனபின் நானே செய்ததும் இதைத்தான். அவள் செய்தபோது மட்டும் அது விளையாட்டாகத் தெரிந்தது எனக்கு.

பிறகு மூடியைத் தூக்கிப் பார்த்தேன். முழுக் கண்ணாடி. இறக்கி வைப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்குகிறது. அவளால் அதைத் தூக்க முடியாது.

அன்று காலை இரண்டு முறை என்னைக் கேட்டாய்.

"டேய் க்ளைவ், இவன ஒரு தடவ ஊத வெச்சுக் காட்டேன், ஃபோட்டோ எடுத்துக்கறேன்."

"அவன் என்ன சர்க்கஸ்காரனாடா? போய் பீர குடி."

இரண்டாவது முறை கேட்டபோது உன்னை வராந்தாவுக்குத் துரத்தினேன்.

அன்று கையில் துண்டு சுற்றி நின்றாய். என்ன ஆச்சு என்று பெவ் கேட்டதற்குச் சிப்பி திறக்கிற கத்தி பட்டுவிட்டது என்றாய். எனக்கு எழுதும்போது கார் கதவு என்கிறாய். டாரில், மேயரின் அலகு பெயர்ந்தது கண்ணாடியில் இல்லை. உன் விரல் எலும்பில்.

நீ செய்தாய். அவள் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நான் அவள்மேல் பாய்ந்தபோது நீ நாலடி தூரத்தில் நின்று பார்த்தாய். நான் எழுதிக் கொடுத்த வரியை வைத்தே அவளை ஊரைவிட்டு அனுப்பினாய்.

லோரெல்லிடம் நீயே சொல். உனக்கு இரண்டு வாரம் தருகிறேன்.

க்ளைவ்

*

டூவூம்பா,
2 மார்ச் 1995

அன்புள்ள க்ளைவ்,

இங்கே நல்ல மழை. தையல் பிரித்தாயிற்று, வலது கையால்தான் எழுதுகிறேன். உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு இப்படியெல்லாம் கடிதம் எழுதாதே.

நீ எழுதியதற்கு ஆமாம் என்றும் சொல்லப்போவதில்லை, இல்லை என்றும் சொல்லப்போவதில்லை. மூன்று பீர் உள்ளே போயிருந்தது, எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம், அவ்வளவுதான். நீ வந்து கத்தியிருக்காவிட்டால் இது ஒரு விஷயமே இல்லை. அவள்தான் என்று முதலில் சொன்னது நான் இல்லை, நீ. நான் அதைத் திருத்தவில்லை. அதற்குத் தண்டனை என்ன, தூக்கா?

ஆனால் இதைக் கேள். டீகன் போனதிலிருந்து இந்த வீட்டில் சத்தமில்லை. ஏழு வருடமாக அந்தப் பெண் என்னை டாரில் என்றுதான் கூப்பிடுகிறாள். நான் எது செய்தாலும் அவள் கண்ணில் தப்பு. போன வருடமே லோரெல் என்னிடம் சொன்னாள்: "இன்னொரு தடவ அவகிட்ட நியாயமில்லாம நடந்தா நான் பொட்டியக் கட்டிருவேன்." இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்? மீனோடு பேசிக்கொண்டு வாழ்கிறவனுக்குக் குடும்பம் என்றால் என்ன என்று தெரியாது.

அவள் அங்கே நன்றாக இருக்கிறாள். விட்டுவிடு. அண்ணன் தம்பி இரண்டு பேர்தான் மிச்சம்.

மீன் சாப்பிடுகிறது என்று நம்புகிறேன்.

டாரில்

*

போவன்,
6 மார்ச் 1995

அன்புள்ள டீகனுக்கு,

நீ நலமா? அங்கே வெயில் எப்படி? உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாதது தப்பு.

மேயர் இருக்கிறான். காற்று ஜனவரி மூன்றாவது வாரத்தில் முழுவதும் வந்துவிட்டது. தலை மேலே, வால் கீழே, நீ பிடித்ததுபோலத்தான் பிடித்தேன். பிறகும் பல நாள் சாப்பிடவில்லை. போன மாதம்தான் முதன்முதலாக நண்டுக் காலை ஓட்டோடு கடித்தான். அந்தச் சத்தம் அடுப்பங்கரை வரை கேட்டது. நீந்தும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறது, சரியாகிவிடும்.

நீ முதலில் பிடித்திருக்காவிட்டால் நான் வருவதற்குள் போயிருப்பான். உன்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நான் தவறாகப் பார்த்தேன். யார் செய்தது என்பதும் தெரியும். உன் அம்மாவிடம் அவனே சொல்ல வேண்டும் என்று எழுதினேன். மறுத்துவிட்டான். மறுபடியும் வற்புறுத்துகிறேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு இங்கே வா. பஸ்ஸுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

உன் அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

க்ளைவ் பெரியப்பா

*

மவுண்ட் ஐசா,
18 மார்ச் 1995

க்ளைவ் பெரியப்பாவுக்கு,

மேயரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்தப் பகுதியை ஆறு முறை படித்தேன். மீதியை ஒரு முறை.

நான் ஈஸ்டருக்கு வரமாட்டேன்.

நான் செய்யவில்லை என்று என்னிடம் சொல்கிறீர்கள். எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன். டாரில் மூடியைத் தூக்கி வைத்தார், மேயரை வலையால் மேலே எடுத்தார், காமிராவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "பாரு பாரு, பந்து" என்று சிரித்தார். நான் விடுங்கள் விடுங்கள் என்று கத்தினேன். வராந்தாவில் ரேடியோ சத்தம், யாருக்கும் கேட்கவில்லை. "கடிப்பானா இவன்?" என்று விரலை நீட்டினார். கடித்தான். அப்படியே தொட்டியில் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினார். மேயர் தலைகீழாக மிதந்தான். நான் ஸ்டூலில் ஏறினேன். அதன்பிறகு நீங்கள் வந்தீர்கள்.

இதை அன்றே அம்மாவிடம் சொன்னேன். வழியில் பெட்ரோல் போட நிறுத்தி, டாரில் பணம் கட்ட உள்ளே போனபோது சொன்னேன். அம்மா கேட்டாள்: "அப்ப க்ளைவ் ஏன் அப்படிச் சொல்லணும்? அவரு பொய் சொல்ற ஆளா?" நான் என்ன சொல்ல முடியும்? நீங்கள் பொய் சொல்லவில்லைதான். அம்மா நம்பாமல் போனது டாரில் பேச்சைக் கேட்டு இல்லை. உங்கள் பேச்சைக் கேட்டு.

இப்போது டாரில் தானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். அவர் சொல்லமாட்டார். நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நான் இந்தக் கொட்டகையில் இருக்கிறேன்.

வராந்தாவில் இருந்த எல்லோர் முன்னாலும் வெட்கமில்லையா என்று கேட்டீர்கள். மன்னிப்பை மட்டும் கவரில் போட்டு அனுப்புகிறீர்கள். பெவ்வுக்கும் மெர்வுக்கும் இன்னும் நான்தான் மீனைச் சித்திரவதை செய்த பெண்.

டீகன்

*

போவன்,
25 மார்ச் 1995

லோரெல்லுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படி.

டிசம்பர் 26 அன்று நான் பார்த்தது இவ்வளவுதான்: டீகன் ஸ்டூலில் நின்று, உப்பிய மீனைத் தண்ணீருக்குள் தலை மேலே இருக்கும்படி பிடித்திருந்தாள். மீனை யார் வெளியே எடுத்தார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. நான் அப்போது ஐஸ் வாங்கப் போயிருந்தேன். பார்க்காததைப் பார்த்ததாக உங்கள் எல்லோரிடமும் சொன்னேன்.

காற்றை விழுங்கிய பேத்தையை அப்படித்தான் பிடிக்க வேண்டும். காற்றை வெளியே எடுக்க வேறு வழியில்லை. கெடுக்க நினைப்பவர் யாரும் அப்படிப் பிடிக்கமாட்டார்கள். இருபது வருடமாகக் கடல்மீன் வளர்க்கிற எனக்கு அது பார்த்தவுடன் தெரிந்திருக்க வேண்டும். கோபத்தில் தெரியவில்லை.

மவுண்ட் ஐசாவைப் பற்றி நான் எழுதிய வரியை நீ கேட்டிருக்கிறாய். அதை நான் எழுதியிருக்கக்கூடாது.

உன் மகள் அன்றே உன்னிடம் சொன்னது உண்மை. என்னை நம்ப வேண்டாம். உன் கணவனின் வலது ஆள்காட்டி விரலைப் பார். கார் கதவு என்று எனக்கு எழுதினான், சிப்பிக் கத்தி என்று பெவ்விடம் சொன்னான். கார் கதவு நசுக்கும், கத்தி ஒரு பக்கம் கீறும். பேத்தைக்கு மேலும் கீழுமாக இரண்டு அலகு. தழும்பு விரலின் இரண்டு பக்கமும் பிறை மாதிரி, ஒன்றுக்கு ஒன்று நேராக இருக்கும்.

இதன் பிரதி டாரிலுக்கும் இதே தபாலில் வருகிறது. முதுகுக்குப் பின்னால் எழுதினேன் என்று அவன் சொல்ல வேண்டாம்.

க்ளைவ்

*

டூவூம்பா,
9 ஏப்ரல் 1995

க்ளைவ்,

நான் நலமாக இல்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். அவர் மேசையில் டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வந்த கவரை இன்னும் பிரிக்கவில்லை.

"டாரில், கைய மேசை மேல வை."

"எதுக்கு?"

"வை."

"லோரெல், காலங்காத்தால..."

"என்கிட்ட சிப்பிக் கத்தின்னு சொன்ன. க்ளைவ்கிட்ட கார் கதவுன்னு எழுதியிருக்க. வைன்னு சொன்னேன்."

வைத்தார். நீங்கள் சொன்னபடியே இருந்தது. மூன்று மாதம் அந்தக் கையின் பக்கத்தில் படுத்திருக்கிறேன், பார்க்கவில்லை.

அவர் இப்போது இங்கே இல்லை. எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். நாளை காலை மவுண்ட் ஐசாவுக்குக் கிளம்புகிறேன். இரண்டு நாள் ஓட்ட வேண்டும். அவள் காரில் ஏறுவாளா என்று தெரியாது.

உங்கள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, க்ளைவ். அவருக்கு நீங்கள் எழுதிய பழைய கடிதத்தையும் எடுத்துப் படித்தேன், பிப்ரவரியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்குத் தவணை கொடுத்தீர்கள். என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. இப்போதைக்கு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

லோரெல்

*

டூவூம்பா,
14 மே 1995

க்ளைவ் பெரியப்பாவுக்கு,

முட்டி வலி எப்படி என்று பெவ் கேட்கச் சொன்னாள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அவளே கேட்காமல் என்னை ஏன் கேட்கச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அம்மா வந்தாள். முதல் நாள் நான் காரில் ஏறவில்லை. அவள் அப்பாவின் வாசலில் காரிலேயே தூங்கினாள். மறுநாள் ஏறினேன். வழியில் லாங்ரீச் ஊர் வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அதன்பிறகு அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நிறைய நேரம் பேசினாள். அது உங்களுக்கு எழுதுவதற்கில்லை.

டாரில் அவருடைய நண்பர் வீட்டில் இருக்கிறார். சாமான்களை எடுக்க ஒருமுறை வந்தார். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

பெவ் எனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருந்தாள். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் நீங்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றீர்களாம். யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிட்டாளாம். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"உள்ள வாய்யா, டீ போடுறேன்னேன். வேணாம், நின்னுட்டே சொல்றேன்னான். எதிர்வீட்டு மெர்வையும் கூப்பிட்டான். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னத எல்லார் முன்னாடியும் திருப்பி வாங்குறேன், தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல, என் மேலயும் என் தம்பி மேலயும்தான்னு சொன்னான். மெர்வ் விடுவானா? 'அப்ப அந்தப் புள்ள மீனக் காப்பாத்திட்டு இருந்துச்சு, நீ தெருவே கேக்குற மாதிரி அத வெரட்டுன. இதுல ஊர்ல பேத்தையப் பத்திச் சந்தேகம்னா க்ளைவ்கிட்டப் போன்னு வேற சொல்றானுங்க'ன்னான். உங்க பெரியப்பா ஆமான்னு தலையாட்டுனான். மறுநாள் மெர்வோட மச்சானப் பாக்க ஏர்ங்கற ஊர் வரைக்கும் கார எடுத்துட்டுப் போனான். அந்த ஆளுக்கு அன்னிக்கு நடந்ததே ஞாபகம் இல்லையாம். அதனால முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லி, அப்புறம் மன்னிப்புக் கேட்டிருக்கான்."

இதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

ஜூன் கடைசியில் எங்களுக்கு விடுமுறை. பெவ் அவள் வீட்டில் வந்து தங்கச் சொல்கிறாள். அம்மா சம்மதித்துவிட்டாள். நான் பெவ்வின் வீட்டில்தான் தங்குவேன், உங்கள் வீட்டில் இல்லை. எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.

வந்த அன்றைக்கே மேயரைப் பார்க்க வருவேன். நான் வரும்போது மூடியைத் திறந்து வைத்துவிடுங்கள், என்னால் அதைத் தூக்க முடியாது. நண்டுக் கிண்ணத்தை ஸ்டூல் மேல் வையுங்கள். பிறகு நீங்கள் வெளியே போய் வராந்தாவில் நில்லுங்கள். நான் கூப்பிட்டால் வாருங்கள்.

டீகன்